ஒட்ரூனின் தோளுக்கு ஒரு கட்டை

கடையில் நீள ரொட்டி வாங்கினால் ஒட்ரூன் அதை முதலில் தோளில் வைத்துப் பார்ப்பாள். ரொட்டியின் தடித்த முனை தோள்குழியில் பதியும், கன்னம் ரொட்டியின் மேல் சாயும், இடது கண் மூடும், வலது கண் காப்பித்தூள் அலமாரியைக் குறிபார்க்கும். பின்னால் வரிசையில் நிற்கிறவர்கள் பொறுமையாக இருப்பார்கள். கல்லாவில் இருக்கிறவர் இரண்டு கையையும் தூக்கி, "சுட்றாத ஒட்ரூன், கேக்கறதெல்லாம் குடுத்துடறேன்" என்பார். "நீளம் சரியாத்தான் இருக்கு. கன்னம்தான் உக்கார மாட்டேங்குது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு ரொட்டியைப் பையில் போடுவாள்.

ரொட்டி மட்டுமா? துடைப்பம், பனி அள்ளும் மண்வெட்டி, என் குடை, எதையும் விட்டு வைத்ததில்லை. என் அக்கா பேரனின் ஞானஸ்நானத்தன்று பாதிரியார் நீளமான மெழுகுவர்த்தித் தண்டை ஒரு நிமிஷம் பிடித்துக்கொள்ளச் சொல்லி இவளிடம் கொடுத்துவிட்டார். மனுஷர் திரும்பிப் பார்த்தபோது அதன் முனை அவருடைய மூக்குக்கு நேராக இருந்தது. "மன்னிச்சுக்கோங்க ஃபாதர், கை தானா போயிருச்சு" என்றாள். பாதிரியாரும் வேட்டைக்காரர்தான். "விசை இழுக்கும்போது மூச்ச அடக்கு" என்று மட்டும் சொன்னார்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் அவளுடைய துப்பாக்கி. ஒட்ரூன் நிமிர்ந்து நின்றால் என் தோளுக்கு வருவாள். கையும் அதற்கேற்ற கை. துப்பாக்கியோ, நிலைப்படியில் தலை இடித்துக்கொள்கிற ஆண்களை மனதில் வைத்துச் செய்தது. குழலில் குறையில்லை, விசையில் குறையில்லை. தோளில் தாங்குகிற மரக்கட்டைதான் நாலு விரல் நீளம் கூடுதல், கன்னம் வைக்கிற இடம் இரண்டு விரல் பள்ளம். மேலே இருக்கிற தொலைநோக்கியில் கண் வைக்க வேண்டுமென்றால் வேலிக்குள்ளிருந்து வெளியே மேய்கிற கோழி மாதிரி கழுத்தை நீட்ட வேண்டும். கன்னம் அந்தரத்தில் நிற்கும். சுட்டதும் கட்டை உதைக்கிற உதையில் தோள் ஒரு வாரத்துக்குக் கன்றிப்போயிருக்கும்.

எங்கள் பள்ளத்தாக்கில் இலையுதிர் காலம் என்றால் எல்க் மான் வேட்டை. குதிரை உயரம் நிற்கிற மான் அது. அதைத் தவறவிடுவதும் மாட்டுக்கொட்டகைச் சுவரைத் தவறவிடுவதும் ஒன்று என்பார் வேட்டைக் குழுவின் தலைவர் தூர்லைஃப். எதிரே வந்து நின்ற எல்க்கைத் தவறவிட்டவர் வீட்டு வாசல் கதவில், மரத்தில் செதுக்கிய எல்க்கின் பின்பக்கம் ஒன்றைக் கொண்டுபோய் மாட்டிவிடுவது இந்தக் குழுவின் வழக்கம். தலை கிடையாது, கால் கிடையாது, பின்பக்கமும் குட்டை வாலும்தான். அடுத்த ஆள் தவறவிடுகிறவரை அது அங்கேயே தொங்கும். ஒட்ரூன் வீட்டுக் கதவில் மூன்று வருஷமாகத் தொங்குகிறது. அவளுக்கு அதில் வெட்கமும் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு வாலில் சிவப்பு ரிப்பன் கட்டினாள். தபால்காரர் அதைத் தட்டித்தான் அவளைக் கூப்பிடுகிறார்.

அவளுடைய வேலை பால் வண்டி ஓட்டுவது. பண்ணை பண்ணையாகப் போய்த் தொட்டிப் பாலைக் குழாயில் உறிஞ்சி எடுத்து ஆலைக்குக் கொண்டுபோவாள். ஒவ்வொரு பண்ணையிலும் ஒரு காப்பி, ஒவ்வொரு காப்பிக்கும் ஒரு கதை. கதை சொல்லத் தொடங்குமுன்பே சிரித்துவிடுவாள் என்பதால் பாதிக் கதைகள் யாருக்கும் புரிந்ததில்லை. ஆனாலும் எல்லோரும் சிரிப்பார்கள். அவளோடு நின்றால் அப்படித்தான், எதற்கென்று தெரியாமல் வயிறு வலிக்கும்.

அவள் வாயில் எப்போதும் இருக்கும் வார்த்தை, "கையோட முடிச்சிரலாம்." எந்த வேலையையும் செய்முறைத் தாளைப் பிரிக்குமுன் தொடங்கிவிடுவாள். இப்படித்தான் ஒரு வசந்தத்தில் கோழிக்கூட்டைக் கையோடு முடித்தாள். உள்ளே நின்றபடி பலகை பலகையாக ஆணியடித்து, கடைசிப் பலகையையும் அடித்த பிறகுதான் கதவு என்று ஒன்று வேண்டும் என்பது ஞாபகம் வந்தது. அவள் கணவர் ஆர்ன்ஃபின் ரம்பத்தால் சுவரை அறுத்து அவளை வெளியே எடுத்தார். அறுத்த ஓட்டைதான் இன்றைக்கும் கதவு. "பாத்தியா, கதவு சரியான எடத்துல வந்துருக்கு" என்று என்னிடம் பெருமையாகக் காட்டினாள்.

இந்த வருஷம் மட்டும் அவள் சிரிப்பு ஒரு நாள் நின்றது. அது கோடையில் குழுக் கூட்டம் நடந்த அன்று. வேட்டையன்று ஒவ்வொருவருக்கும் காத்திருக்க ஓர் இடம் உண்டு. ஒட்ரூனுடையது சதுப்புநிலத்தின் ஓரத்தில் இருக்கிற பாறை. பள்ளத்தாக்கிலேயே நல்ல இடம் அது. எல்க் அந்த வழியாகத்தான் தண்ணீருக்கு வரும். தூர்லைஃபின் மகள் ஓஸ்லோவில் சிந்த்ரே என்கிற ஒரு மெலிந்த பையனைக் கல்யாணம் செய்திருந்தாள். மாப்பிள்ளை, வேட்டைக்காரர்களுக்கான பயிற்சியை முடித்துவிட்டு, புது ஆரஞ்சுத் தொப்பியும் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தான்.

"ஒட்ரூன், மனசுல வெச்சுக்காத" என்று தூர்லைஃப் தொண்டையைக் கனைத்தார். "மூணு வருஷமா அந்தப் பாறையிலேர்ந்து எல்க் சிரிச்சுக்கிட்டே போகுது. இந்த வருஷம் சுடுற தேர்வுல பாப்போம். நீ தேறி சிந்த்ரே தேறலன்னா பாறை ஒனக்கு. அவன் தேறி நீ தேறலன்னா அவனுக்கு. ரெண்டு பேரும் தேறினா சீட்டுக் குலுக்கலாம். கெடைக்காதவங்க ரோட்டோரம் நிக்கணும்."

"ரோட்டோரம் என்னய்யா வரும்? பால் வண்டிதான் வரும். அதையும் நான்தான ஓட்டணும்!" என்றாள் ஒட்ரூன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரியான நானும் அவள் காரில்தான் திரும்பினேன், அதற்குள் அவள் சிரிப்பு தீர்ந்திருந்தது. என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபிறகு, "அந்தப் பாறையில வெடியக்காலம் உக்காந்தா மூடுபனி மடியில வந்து படுக்கும்டி" என்றாள். "எல்க் வரலன்னாலும் எனக்குப் போதும். அது இல்லன்னா இலையுதிர் காலமே எனக்கு வேணாம்." ஒட்ரூன் வாயிலிருந்து 'வேணாம்' என்ற சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சுடும் தேர்வில் ஒவ்வொரு வருஷமும் எல்லோரும் தேற வேண்டும். இல்லாவிட்டால் அந்த வருஷம் வேட்டை கிடையாது. ஒட்ரூன் இத்தனை வருஷமும் தட்டுத் தடுமாறித் தேறியவள்தான். இந்த முறை ஜூனில் ஒரு தடவை தவறினாள், ஆகஸ்டில் இன்னொரு தடவை. மிச்சம் இருந்தது செப்டம்பரில் கடைசித் தேர்வு நாள். தோற்ற அன்றைக்கே வண்டியில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் புதுக் கட்டை ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கிவிட்டாள். துப்பாக்கி பழையது, கட்டை மட்டும் வேறு கம்பெனி செய்தது. நீளத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். கன்னம் படுகிற இடத்தை ஒரு திருகைத் தளர்த்தி ஏற்றலாம், இறக்கலாம். வாங்குகிற அவசரத்தில் நிறத்தை மட்டும் பார்க்கவில்லை.

பெட்டியைப் பிரித்தபோது நானும் இருந்தேன். ஆரஞ்சும் பச்சையும் ஒட்டிய மரப்பட்டைகளை அடுக்கி, பளபளவென்று மெருகேற்றிய கட்டை. அதைப் பார்த்ததும் ஆர்ன்ஃபின் காப்பிக் கோப்பையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"இத எல்க் பாத்தா பயப்படாதும்மா. நக்கிப் பாக்க வரும்."

"நல்லதுதான? கிட்ட வந்தா குறி தவறாதுல்ல?" என்று ஒட்ரூன் சிரிப்பில் மேஜையையே பிடித்துக்கொண்டாள்.

அன்று தேர்வுக்கு முந்தின நாள் மத்தியானம். கட்டை வந்து சேர அத்தனை நாளாகியிருந்தது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஜன்னலெல்லாம் திறந்து கிடந்தது. நான் வாஃபிள் தின்பதற்கென்று வந்தவள். பழுப்புச் சீஸ் வைத்த வாஃபிள் ஒரு பக்கம், திருகாணிகள் ஒரு பக்கம் என்று சமையலறை மேஜை நிறைந்திருந்தது. குண்டை உள்ளே தள்ளுகிற தாழைக் கழற்றி இரும்பு அலமாரியில் பூட்டியாகிவிட்டது, தொலைநோக்கியையும் கழற்றியாகிவிட்டது. அடியில் இருந்த இரண்டு திருகாணிகளைக் கழற்றியதும் பழைய கட்டை தனியாக வந்தது. அதை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அது கோழிக்கூட்டுக் கதவு காற்றில் சாத்திக்கொள்ளாமல் முட்டுக்கொடுக்கிறது.

புதுக் கட்டையில் குழலை உட்கார வைத்துத் திருகினாள். பின்முனையில் இருந்த வில்லைகளை எல்லாம் உருவி நீளத்தைக் குறைத்தாள். கன்னம் வைக்கிற இடத்தை ஏற்றினாள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, துப்பாக்கியைச் சுவர்ப்பக்கமாகத் தோளுக்குத் தூக்கிக் கன்னத்தைச் சாய்த்தாள். கண்ணைத் திறந்தாள். கழுத்து நீளவில்லை. தோள் உயரவில்லை. அப்படியே நின்றாள்.

"ஏண்டி, தலகாணி மாதிரி இருக்குடி" என்றாள்.  உடனே, "ஆர்ன்ஃபின், நான் இன்னிக்கு இதோடதான் தூங்கப் போறேன், நீ சோபாவுல படு" என்று கத்தினாள். எனக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. இன்னொரு வாஃபிள் எடுத்துக்கொண்டேன்.

ஆனால் கடையில் வாங்கிய கட்டை அளவெடுத்துத் தைத்த சட்டை ஆகாது. பின் திருகாணியை இறுக்கினால் குழலின் நுனி மெல்ல எழும்பியது, தளர்த்தினால் இறங்கியது. இரும்பு, கட்டைக்குள் சரியாக உட்காராமல் ஆடும் பல் மாதிரி ஆடியது. குழலுக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்க்க ஆர்ன்ஃபின் காப்பி வடிகட்டும் தாளைக் கிழித்து ஓட்டிப் பார்த்தார். பாதி வழியில் தாள் சிக்கிக்கொண்டது. ஒட்ரூன் உப்புத்தாளைப் பனிச்சறுக்குத் தடியில் சுற்றி, பாடிக்கொண்டே அந்தப் பள்ளத்தைத் தேய்த்துத் தள்ளினாள். வாஃபிளின் மேல் ஆரஞ்சுப் பொடி படிந்தது. தாள் வழுக்கிக்கொண்டு ஓடியது.

ஆட்டத்தை நிறுத்தத்தான் பசை. இரண்டு ட்யூப்பைக் கலந்து கட்டையின் உள்ளே தடவி, மேலே இரும்பை வைத்து இறுக்கினால், பசை கல்லாக இறுகி இரும்பின் வடிவத்தை அப்படியே பிடித்துக்கொள்ளும். அதன்பின் துப்பாக்கி ஆடாது. இரும்பு மட்டும் பசையில் ஒட்டிக்கொள்ளக் கூடாது. அதற்காக முதலில் இரும்பின்மேல் மெழுகு பூச வேண்டும் என்று செய்முறைத் தாளில் போட்டிருந்தது. ஆச்சரியம், இந்த முறை ஒட்ரூன் தாளைப் படித்தாள். "மெழுகு!" என்றாள். மெழுகு என்ற சொல்லைக் கேட்டால் இந்த ஊரில் யாருடைய கை எங்கே போகும்? பனிச்சறுக்குப் பலகைக்குப் பூசுகிற மெழுகுப் பெட்டிக்குத்தான் போகும்.

அடுத்து அவள் செய்ததும் எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடியது. பெட்டியைத் திறக்குமுன் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வெப்பமானியைப் பார்த்தாள். குளிருக்கு ஒரு நிற மெழுகு, சூட்டுக்கு ஒரு நிற மெழுகு என்பது பனிச்சறுக்குக் கணக்கு.

"நல்ல சூடு. அப்ப செகப்பு" என்றாள்.

ஆர்ன்ஃபின் முகம் சுருங்கியது. ஊர்ப் பந்தயங்களில் பிள்ளைகளின் பலகைக்கு மெழுகு பூசிப் பேர் வாங்கியவர் அவர். இந்த விஷயத்தில் மனைவி என்றும் பார்க்க மாட்டார். "செகப்பா? சாயங்காலம் குளுந்துரும். ஊதாதான் சரி."

"ஊதா பூசி நீ போன ஈஸ்டருக்கு மலை ஏறின கதை ஊருக்கே தெரியும்."

"அது மெழுகோட தப்பில்ல, பனியோட தப்பு."

"இங்க பனியே இல்லையேப்பா. அதான் செகப்புங்கறேன்."

துப்பாக்கிக்கு எந்த நிற மெழுகு என்று அரைமணி நேரம் வாதம் நடந்தது. என்னையும் கேட்டார்கள். நான் வானத்தைப் பார்த்து, நன்றாக யோசித்து, ஊதா என்று சொன்னேன். ஒட்ரூன் கேட்கவில்லை. சிவப்பு ட்யூப்பைப் பிதுக்கி இரும்பு முழுக்க, தேன் தடவுகிற மாதிரித் தடவினாள். பசை பூசி, இறுக்கி, துடைத்து, எல்லாம் கையோடு முடிந்தது. நாங்கள் மூன்று பேரும் கோப்பைகளை இடித்துக்கொண்டு காப்பி குடித்தோம்.

மறுநாள் காலையில் வேலைக்குப் போகுமுன் திருகாணிகளைக் கழற்றினாள். இரும்பு வரவில்லை. உலுக்கினாள். வரவில்லை. ஆர்ன்ஃபின் கட்டையைப் பிடித்துக்கொள்ள அவள் குழலை இழுத்தாள். சத்தம் கேட்டு நான் வேலியைத் தாண்டி வந்தபோது இரண்டு பேரும் முற்றத்துப் புல்லில் உட்கார்ந்து, கால்களை எதிரெதிரே உதைத்துக்கொண்டு, நடுவில் துப்பாக்கியைக் கயிறாக்கி இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் ஆர்ன்ஃபினின் இடுப்பைப் பிடித்து இழுத்தேன். மூன்று பேரும் சரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

ஆர்ன்ஃபின்தான் முதலில் எழுந்து உட்கார்ந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது. "ஒட்ரூன், பலகைக்கு ரெண்டு விதமா மெழுகு இருக்குல்ல?"

"இருக்கு."

"ஒண்ணு வழுக்கறதுக்கு."

"ஆமா."

"இன்னொண்ணு மேட்டுல ஏறும்போது பின்னால சறுக்காம பனியப் புடிச்சுக்கறதுக்கு."

"ஆமா, அதுக்கென்ன இப்ப?"

"செகப்பு எது?"

 பிடிப்பதற்கென்றே செய்த மெழுகுகளிலேயே மோசமாகப் பிடிப்பது அந்தச் சிவப்பு. உள்ளங்கையில் பட்டால் மூன்று நாள் போகாது. ஊதாவும் அதே ஜாதிதான். மூன்று பேரும் நிறத்துக்குச் சண்டை போட்டோமே தவிர, வழுக்குவதா பிடிப்பதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒட்டக் கூடாது என்று பூசியது, ஒட்டுவதற்கென்றே பிறந்தது. ஆர்ன்ஃபின் உதடு துடித்தது. எனக்கு அடக்க முடியவில்லை. ஒட்ரூன் எங்களைப் பார்த்தாள், துப்பாக்கியைப் பார்த்தாள், புல்லில் மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்தது. அதில் எது சிரிப்புத் தண்ணீர், எது பாறை போய்விட்டது என்கிற தண்ணீர் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு பால் வண்டியில் ஏறிப் போய்விட்டாள்.

மத்தியானத்துக்கு முன் போன் வந்தது. பின்னால் மாடுகள் கத்திக்கொண்டிருந்தன.

"ஏய், ஒன் ஃப்ரீசர் காலியா இருக்கா?"

"ஏன்?"

"பாலுக் குழாயத் தொட்டேன்டி, சில்லுனு இருந்துச்சு. அப்பத்தான் மண்டையில ஒறச்சுது! செகப்பு மெழுகு சூட்டுலதான ஒட்டும்? கடுங்குளிர்ல போட்டா என்ன ஆகும்? கண்ணாடி மாதிரி ஒடஞ்சு விழும்ல! பலகையிலேர்ந்து நாம அப்படித்தான சொரண்டுவோம்! ஆர்ன்ஃபின்கிட்டச் சொல்லிட்டேன், தூக்கிட்டு வர்றாரு. கட்டில் நீளத்துக்கு எடம் பண்ணு."

எங்கள் வீட்டு ஃப்ரீசர் சவப்பெட்டி மாதிரி நீளமானது. குழுவின் இறைச்சியெல்லாம் அதில்தான் இருக்கும். புது வேட்டைக்கு முன் காலியாகத்தான் கிடந்தது. மிச்சமிருந்த ஈரல் பொட்டலங்களையும், மாமியார் வந்தால் வெட்டலாம் என்று நான் ஒளித்து வைத்திருந்த கேக்கையும் ஓரம் தள்ளினேன். தாழில்லாத துப்பாக்கியை ஆர்ன்ஃபின் குழந்தையைக் கிடத்துவதுபோலக் கிடத்தினார். ஆரஞ்சும் பச்சையுமாக அது ஐஸ்கிரீம் மாதிரியே இருந்தது. மூடியைச் சாத்திவிட்டு இருவரும் அதன்மேல் உட்கார்ந்து ஆளுக்கொரு காப்பி குடித்தோம்.

சாயங்காலம் வேலை முடிந்து ஒட்ரூன் வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நேராக ஃப்ரீசருக்குப் போனாள். துப்பாக்கியை வெளியே எடுத்ததும் வெள்ளையாகப் பூத்தது. கட்டையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு, ரப்பர் சுத்தியலால் அடியில் ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றுமில்லை. இன்னொரு தட்டு. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாவது தட்டில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், குழல் கழன்று அவள் மடியில் விழுந்தது. சிவப்பு மெழுகு சில்லுச் சில்லாகத் தரையில் சிதறியது. உள்ளே பசை, இரும்பின் ஒவ்வொரு வளைவையும் அச்சாக எடுத்துக்கொண்டு, கீறல்கூட இல்லாமல் மின்னியது.

அவள் போட்ட கூச்சலில் எங்கள் நாய் மேஜைக்கு அடியில் போய்ப் படுத்தது. ஆர்ன்ஃபினுக்கு ஒரு முத்தம், எனக்கு ஒரு முத்தம், ஃப்ரீசருக்கு இரண்டு. "ஊதா பூசியிருந்தா இப்படி ஒடஞ்சிருக்குமா? சொல்லு!" என்று புருஷனை விரட்டினாள்.  சுரண்டி, துடைத்து, எண்ணெய் போட்டு, மறுபடி மாட்டி இறுக்கினார்கள். இந்த முறை குழலின் நுனி அசையவில்லை. தாள் முழு நீளமும் ஓடியது.

சுடுமிடத்துக்கு நாங்கள் போனபோது பிர்ச் மரங்களின் மேல் வெயில் மஞ்சளாக இருந்தது. கடைசி நாள் என்பதால் கூட்டம். கட்டையைப் பார்த்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்தார்கள். "ஒட்ரூன், ஒனக்குக் குச்சி ஐஸா, கப் ஐஸா?" "வெயில்ல வெக்காத, உருகிரும்!" தூர்லைஃப் கட்டையைத் தடவிப் பார்த்து, "இதுக்குச் சுடத் தெரியுமா, இல்ல டிஸ்கோவுக்குப் போகுமா?" என்றார். "ரெண்டுக்கும் போகும். ஒன்னத்தான் உள்ள விட மாட்டாங்க" என்றாள் ஒட்ரூன்.

தொலைநோக்கியை மாட்டி, சில குண்டுகள் சுட்டுத் திருகித் திருகிக் குறியைச் சரிசெய்துகொண்டாள். பிறகு தேர்வு. தூரத்தில் அட்டையில் வரைந்த எல்க், அதன் மார்பில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டம். ஐந்து குண்டும் அதற்குள் விழ வேண்டும். நான் அட்டையைப் பார்க்கவில்லை, அவள் கன்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கட்டையின்மேல் அப்படியே படிந்து கிடந்தது. முதல் குண்டு. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றுக்கும் நடுவே அவள் தோள் குலுங்கியது, அது உதை இல்லை, சிரிப்பு. தேர்வாளர், "ஒட்ரூன், சிரிச்சு முடிச்சுட்டுச் சுடும்மா" என்று கெஞ்சினார். நாலு. ஐந்து.

தேர்வாளர் அட்டைக்கு நடந்து போய், குனிந்து பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். ஐந்தும் வட்டத்துக்குள். நாலு குண்டுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. ஒட்ரூன் துப்பாக்கியின் தாழைத் திறந்து காட்டி, பத்திரமாகக் கீழே வைத்தாள். அப்புறம்தான் ஆடினாள். ஆர்ன்ஃபினையும் இழுத்து ஆடவைத்தாள். அந்த மனுஷர் தன் கல்யாணத்தில்கூட ஆடவில்லை. நானும் ஆடினேன். ஏன் ஆடக் கூடாது?

நாங்கள் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது சிந்த்ரே சுட்டான். இரண்டு குண்டுகள் வட்டத்துக்கு வெளியே போயின. "தேறல" என்றார் தேர்வாளர். கடைசியாக இன்னொரு முறை முயற்சி செய்ய நேரம் இருந்தது. தூர்லைஃப் மருமகனைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்தார். கூட்டத்தில் யாரோ, "ஓஸ்லோவுல எல்க்கு சிக்னல்ல நிக்கும்டா, இங்க நிக்காது" என்றார்கள். பையனின் காது சிவந்தது. மறுபடி போய்ப் படுத்துக் குண்டுகளைப் போடத் தொடங்கினான். 

நான் ஒட்ரூனின் காதோரம் போய், "வாடி, கெளம்பலாம். சீட்டுக் குலுக்கவே வேணாம், பாறை ஒனக்குத்தான்" என்றேன். சந்தோஷத்தில் சொன்னேன்.  அவள் சிரிப்பு நின்றிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தது சிந்த்ரேயின் கழுத்தை. அவன் மாமனாரின் பழைய துப்பாக்கியை வைத்திருந்தான், அதில் புதிதாக ஒரு பெரிய தொலைநோக்கியை உயரத்தில் மாட்டியிருந்தார்கள். கண் எட்டவேண்டும் என்பதற்காகப் பையன் தலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தான். கன்னம் எதன்மேலும் படவில்லை.

"ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்! சுடாத!" என்று சிந்த்ரேயிடம் கத்தி, தேர்வாளரிடம் கையைக் காட்டிவிட்டு ஒட்ரூன் ஓடினாள். அவன் பக்கத்தில் மண்டி போட்டாள். தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, நாலாக மடித்து, அவன் கன்னத்துக்கும் கட்டைக்கும் நடுவே திணித்தாள். பிறகு குனிந்து, தன் பூட்ஸின் கயிற்றைச் சரசரவென்று உருவி, அது நழுவாதபடி கட்டையோடு சேர்த்துச் சுற்றி இறுக்கிக் கட்டினாள். "இப்பச் சுடு தம்பி, அப்புறம் நாம சீட்டுக் குலுக்கலாம்" என்றாள்.